விமானம் இல்லாத விமானந்தாங்கி

விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை மொடலாகச் செய்கிறேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது மேல் தளத்தில் எத்தனை விமானம் வரும் என்றுதான். ஒன்றும் வராது என்று சொல்வேன். உடனே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். விமானம் இல்லாமல் என்ன விமானந்தாங்கி? அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ். பிரித்தானியக் கடற்படையின் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது. இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் பின்னாளில் இன்னொரு கப்பலும் இருந்தது. 1982இல் ஃபோக்லண்ட் போருக்குப் போனதும், 1987இல் இந்தியக் கடற்படைக்குப் போய் 'விராட்' ஆனதும் அதுதான். தேடினால் பாதிப் படம் அந்தக் கப்பலுடையதாக வரும். நான் செய்வது பழைய ஹெர்மீஸ்.

பழையது என்றால் எவ்வளவு பழையது? 1918 ஜனவரியில், முதலாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஆம்ஸ்ட்ராங் விட்வேர்த் கப்பல்தளத்தில் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் விமானம் இறங்கும் கப்பல்கள் இருந்தன. ஆனால் அவை எல்லாம் வேறு ஏதோ ஒன்றாகப் பிறந்தவை. ஆர்கஸ் என்ற கப்பல் இத்தாலிக்காரருக்காகக் கட்டத் தொடங்கிய பயணிகள் கப்பல். ஈகிள் என்பது சிலி நாட்டுக்காகக் கட்டத் தொடங்கிய போர்க்கப்பல். வீட்டை உடைத்துக் கடையாக்குவது மாதிரி அவற்றை மாற்றினார்கள். முதல் கோடு வரையும்போதே 'இது விமானந்தாங்கி' என்று வரைந்து அடிக்கட்டை வைத்த முதல் கப்பல் ஹெர்மீஸ்தான்.

முதலில் தொடங்கியவர் முதலில் முடிக்கவில்லை. கப்பலை 1919 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். பிறகு அந்தக் கப்பல்தளமே மூடப்பட்டது. 1920இல் இழுத்துக்கொண்டு டெவன்போர்ட்டுக்குப் போனார்கள். ஆர்கஸிலும் ஈகிளிலும் விமானிகள் இறங்கிப் பார்த்துப் பார்த்து, கட்டளை மேடையை எங்கே வைப்பது, புகைபோக்கியை எங்கே வைப்பது என்று படத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஐடி வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான கதை: வாடிக்கையாளர் பாதி வேலையில் தேவையை மாற்றுகிறார். ஹெர்மீஸ் சேவைக்கு வந்தது 1924இல். அதற்குள் ஜப்பான் ஹோஷோ என்ற விமானந்தாங்கியை 1922 டிசம்பரிலேயே முடித்துவிட்டது.

அந்த ஜப்பானுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 1921இல் செம்பில் என்ற பிரித்தானியப் பிரபு சுமார் 30 பயிற்சியாளர்களைக் கூட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போய், அவர்களின் கடற்படை விமானிகளுக்குப் பாடம் நடத்தினார். 1923 பெப்ரவரியில் ஹோஷோவின் தளத்தில் முதல் விமானத்தை இறக்கியவர், மிட்சுபிஷி நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் ஜோர்டன் என்ற ஆங்கிலேயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 19 வருடம் கழித்து ஹெர்மீஸை மூழ்கடித்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தின் அடுத்த தலைமுறை.

இனி மொடலுக்கு வருகிறேன். கடையில் பெட்டியில் வாங்கி ஒட்டுவது 'கிட்'. ஹெர்மீஸுக்கு 1:700 அளவில் ஒரு கிட் உண்டு. முடித்தால் 26 சென்டிமீட்டர் வரும். அதைத் தயாரிப்பது ஒரு ஜப்பானிய நிறுவனம் என்பதை முதலில் பார்த்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் செய்வது 'ஸ்கிராட்ச் பில்ட்'. பெட்டி இல்லை, ஒட்டும் முறை சொல்லும் தாள் இல்லை. மரப்பலகை, பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, வரைபடம், அவ்வளவுதான்.

அளவு 1:96. ஏன் 96 என்றால், கப்பலின் ஒரு அடி மொடலில் சரியாக 8இல் ஒரு பங்கு அங்குலம். பழைய பிரித்தானிய வரைபடங்கள் எல்லாம் அடி, அங்குலக் கணக்கில் இருப்பதால் இது வசதி. ஹெர்மீஸின் நீளம் 600 அடி, கிட்டத்தட்ட 183 மீட்டர். மொடலில் 1.9 மீட்டர். என்னைவிட நீளம். அகலம் 22 சென்டிமீட்டர். கப்பலில் நின்ற ஒரு மனிதர் 18 மில்லிமீட்டர்.

எடையும் வேகமும் இன்னும் சுவாரசியமானவை. நீளத்தை 96ஆல் வகுத்தால், எடையை 96ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். எரிபொருளைக் கணக்கில் எடுக்காமல் ஹெர்மீஸ் சுமார் 11,000 தொன். மொடலுக்கு அது 12.5 கிலோ. அதைவிடக் குறைந்தால் மிதப்பாக உயர்ந்து நிற்கும், கூடினால் தாழும். வேகத்துக்கு 96இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1870களில் இங்கிலாந்தின் டோர்க்கீ நகரில் நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் சின்னக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த விதியை நிறுவியவர் வில்லியம் ஃப்ரூட். ஹெர்மீஸின் உச்ச வேகம் 25 நொட். என் மொடல் குளத்தில் விநாடிக்கு 1.3 மீட்டர் போனால், அது எழுப்பும் அலை உண்மையான கப்பலின் அலை மாதிரியே இருக்கும். அது நாம் நடக்கிற வேகம். கரையோரமாகக் கூடவே நடந்து போகலாம்.

வரைபடம் எங்கே கிடைக்கும்? நான் லண்டனில் இருப்பது இதில் ஒரு அதிர்ஷ்டம். கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தின் கப்பல் வரைபடங்கள் வூலிச்சில் ஒரு பழைய பீரங்கி வார்ப்பாலையில் பாதுகாக்கப்படுகின்றன. எழுதிக் கேட்டுப் பிரதி வாங்கலாம். அந்தப் பிரதிகளைக் கணினியில் ஏற்றி, கேட் மென்பொருளில் மறுபடி கோடு போட்டுத்தான் வேலை தொடங்குகிறது.

கப்பலின் உடலை வரைபவர்கள் அதைப் பாண் மாதிரி வெட்டிக் காட்டுவார்கள். ஒவ்வொரு துண்டின் வெளிக்கோடும் ஒரு வளைவு. அந்த வளைவுகளை 6 மில்லிமீட்டர் பிளைவூட்டில் வெட்டி, நடுவில் ஓடும் நீளமான அடிக்கட்டையில் வரிசையாக நிறுத்தினால் மீன் முள்ளு மாதிரி ஒரு கூடு வரும். அதன் மேல் மெல்லிய மரக்கீலங்களை ஒட்டி, கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸியும் பூசி, பிறகு தேய், தேய், தேய். இதற்கெல்லாம் எனக்கு ஆங்கிலச் சொல் மட்டும்தான் தெரிந்திருந்தது. அப்பாவிடம் கதைத்தபோது, எங்கள் கடற்றொழிலாளரின் தமிழில் இவை எல்லாவற்றுக்கும் பெயர் இருப்பது தெரிந்தது. அடிக்கட்டை ஏரா. அதிலிருந்து எழும் விலா எலும்புகள் வங்கு. முன்பக்கம் அணியம். பின்பக்கம் அமரம். இப்போது என் கணினிக் கோப்புகளுக்கு 'வங்கு 1', 'வங்கு 2' என்றுதான் பெயர். வேலை இடத்தில் அந்தத் திரையை யாராவது பார்த்தால் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

ஹெர்மீஸின் அணியம்தான் மிகக் கஷ்டமான இடம். அந்தக் காலத்தின் வேறு பல விமானந்தாங்கிகளில் பறப்புத் தளம் ஒரு மேசை மாதிரித் தூண்களின் மேல் தனியாக நிற்கும். இதில் கப்பலின் பக்கச் சுவரே விரிந்து விரிந்து மேலே போய்த் தளத்தோடு சேர்கிறது. வடிவான வளைவு. மரக்கீலம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முறுக வேண்டும். ஆறு வாரம் எடுத்தது.

கூடு முடிந்த பிறகு வருகிற கேள்வி மரவேலையைப் பற்றியது அல்ல. எந்த ஹெர்மீஸ்? ஒரு கப்பல் 18 வருடம் சேவையில் இருந்தால் அது ஒரே கப்பலாக இருப்பதில்லை. மென்பொருள் மாதிரி, வேர்ஷன் சொல்லாமல் கதைக்க முடியாது. 1924இல், இறங்கும் விமானத்தைப் பிடிக்கும் கம்பிகள் தளத்தின் நீளவாக்கில் ஓடின. 1930களில் அவை குறுக்குவாட்டுக் கம்பிகளாக மாறின. சீனக் கடலில் நின்ற காலத்தில் ஒரு தோற்றம், போர்க்காலத்தில் இன்னொன்று. 1940 ஜூலையில், டக்கார் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷலியூவை இதன் விமானங்கள் தாக்கின. இரண்டு நாள் கழித்து இருட்டில் கோர்ஃபு என்ற கப்பலோடு மோதி அணியம் நசுங்கி, தென்னாபிரிக்காவில் திருத்த வேண்டி வந்தது. ஆகவே மொடல் செய்கிறவர் ஒரு திகதியைத் தெரிவு செய்ய வேண்டும். அந்தத் திகதிக்குப் பிறகு வந்த எதுவும் மொடலில் இருக்கக்கூடாது. முன்பு கழற்றிய எதுவும் இருக்கக்கூடாது.

நான் எடுத்த திகதி 1942 ஏப்ரல் 9. நேரம் காலை 8 மணி.

அந்த வாரம் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை ஐந்து விமானந்தாங்கிகளோடு இந்து சமுத்திரத்துக்கு வந்து கொழும்பைத் தாக்கியது. அதே நாளில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியக் குறூசர் கப்பல்களைக் கடலில் மூழ்கடித்தது. கொழும்பில் சனம் ஊரை விட்டு ஓடியது. அந்தப் பயம் கடல் தாண்டிச் சென்னைக்கும் போய், அங்கேயும் பெருந்தொகையானவர்கள் நகரத்தைக் காலி செய்தார்கள்.

ஹெர்மீஸ் அப்போது திருகோணமலையில் நின்றது. மடகாஸ்கர் தீவைப் பிடிக்கும் நடவடிக்கைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்காக அதன் விமானப் பிரிவான 814ஆம் ஸ்குவாட்ரன் கரையில் இறங்கியிருந்தது. 8ஆம் திகதி, அடுத்த தாக்குதல் திருகோணமலைக்குத்தான் என்று தெரிந்தவுடன், துறைமுகத்தில் நிற்காமல் வெளியேறும்படி கப்பல்களுக்குக் கட்டளை வந்தது. ஹெர்மீஸும் துணைக்கு அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் அன்றிரவு கரையோரமாகத் தெற்கே போயின. விமானங்கள் கரையிலேயே நின்றன.

இதுதான் என் பதில். அன்று காலை அந்தத் தளத்தில் ஒரு விமானமும் இல்லை.

9ஆம் திகதி காலை திருகோணமலையைக் குண்டுகள் தாக்கின. இரண்டு கப்பல்களும் வடக்கே திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அருகில், 9 மணிக்குச் சற்று முன்பு ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் வேவு விமானம் கண்டுவிட்டது. 85 குத்திறங்கு குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. காலை பத்தரை மணியளவில் தாக்குதல் தொடங்கியது. 30க்கும் மேற்பட்டவை ஹெர்மீஸின் மேல் பாய்ந்தன. ஏறக்குறைய 20 நிமிடத்தில் கப்பல் இல்லை. கரையிலிருந்து உதவிக்கு அனுப்பிய போர் விமானங்கள் காப்பாற்றும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் மூழ்கியது, அதில் 9 பேர். பக்கத்தில் வந்துகொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் கிட்டத்தட்ட 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

விமானங்கள் கப்பலில் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 814இன் விமானம் ஸ்வோர்ட்ஃபிஷ். இரண்டு அடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடல், டோர்பிடோ போடுவதற்கானது. 85 விமானங்களை எதிர்த்து வானத்தில் சண்டை பிடிக்க அது செய்யப்படவே இல்லை. பெற்றோல் நிரப்பிய விமானங்கள் உள்ளே நின்றிருந்தால் தீ இன்னும் மோசமாகியிருக்கவும் கூடும்.

ஆனாலும் நான் பார்த்த ஹெர்மீஸ் படங்களில், மொடல்களில், பெரும்பாலும் தளம் நிறைய ஸ்வோர்ட்ஃபிஷ் நிற்கும். என் அளவில் ஒரு ஸ்வோர்ட்ஃபிஷின் இறக்கை 14 சென்டிமீட்டர். நாலைந்து செய்து வைத்தால் பார்க்க நல்ல வடிவாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். 1930களின் ஹெர்மீஸைச் செய்பவர் தாராளமாக வைக்கலாம், அதில் பிழை இல்லை. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மீஸைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தால் அது பொய். பீரங்கியும் கவசமும் இல்லாத பெரிய இரும்புப் பெட்டி என்று விமானந்தாங்கியைச் சொல்வார்கள். அதன் ஆயுதம் விமானம்தான். அந்த ஆயுதத்தைக் கரையில் விட்டுவிட்டு 300க்கும் அதிகமான மனிதர்கள் எப்படிப்பட்ட இடத்தில் நின்று செத்தார்கள் என்பதை அந்த வெறும் தளம் காட்டுகிறது. வேறு எதுவும் அதை அவ்வளவு நேராகக் காட்டாது.

புத்தகத்தில் வாசித்தபோது உறைக்காத ஒன்று, கையில் செய்தபோது உறைத்தது. ஹெர்மீஸின் தளக் கவசம் 1 அங்குல உருக்கு. 1:96இல் அது 0.26 மில்லிமீட்டர். அந்தத் தடிப்பில் பிளாஸ்டிக் தகடு வாங்கி விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தேன். என் விசிட்டிங் கார்டு அதைவிடத் தடிப்பு. அந்த ஜப்பானிய விமானம் ஒவ்வொன்றும் தூக்கிவந்த பெரிய குண்டு 250 கிலோ.

என் அப்பப்பா அப்போது மட்டக்களப்பில் பதின்மூன்று வயதுப் பெடியன். அந்தக் காலையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "இடி இடிச்ச மாதிரிக் கேட்டிச்சி மனே, ஆனா மழைக் குணம் ஒண்ணும் இல்ல." கப்பலைக் கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. கண்டிருக்க முடியுமா என்று நான் கணக்குப் போட்டேன். சிதைவு கிடக்கும் இடம் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பூமியின் வளைவை எடுத்துக்கொண்டால், கடற்கரையில் நிற்கும் ஒருவர் கண்ணுக்கு அடிவானம் 4.6 கிலோமீட்டர். ஆனால் நீர்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரமான ஒன்றை, வானம் தெளிவாக இருந்தால், 20 கிலோமீட்டர் தூரத்திலும் காணலாம். ஆகவே கல்லடிக் கரையில் அன்று காலை நின்றவர்களுக்குக் கப்பலின் மேல்பாதி தெரிந்திருக்கும். பிறகு புகை தெரிந்திருக்கும்.

எங்கள் வீடுகளில் போர் என்றால் 1983க்குப் பிறகு நடந்ததைத்தான் கதைக்கிறோம். அது நியாயம், அதில்தான் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். அதே கரைக்கு இன்னொரு போரும் வந்தது, அப்போது அங்கே இருந்த சனத்திடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்தப் போரில் மோதிய இரண்டு கடற்படையும் வேறு ஊர்களிலிருந்து வந்தவை. ஹெர்மீஸைத் தாக்கிய விமானங்களை அனுப்பிய கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டு மாதத்தில் மிட்வேயில் அடியில் போயின. அவற்றையும் மேலிருந்து பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள்தான் எரித்தன.

மொடலைச் சுற்றி குண்டு வெடிப்பதும் பஞ்சில் புகை எழும்புவதும் மாதிரி ஒரு காட்சியாகச் செய்யலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. மூழ்கும் ஹெர்மீஸை ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது, தேவையானவர்கள் அதைப் பார்க்கலாம். 8 மணிக்கு நிறுத்தியதற்குக் காரணம், அப்போது எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். 18 மில்லிமீட்டர் மனிதர்களைத் தளத்தில் வைப்பதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஊருக்குப் போகிறவர்கள் கேட்பீர்கள்: சிதைவைப் பார்க்கலாமா? கல்லடியில் நின்றால் இப்போது வெறும் தண்ணீர்தான். கப்பல் இடது பக்கம் சரிந்து, சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கப்பலின் நீளம் அந்த ஆழத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சாதாரண சுழியோடிகளுக்கு எல்லை 40 மீட்டர், ஆகவே இது விசேட பயிற்சி எடுத்தவர்களுக்கான இடம். போகிறவர்கள் எதையும் தொட்டு எடுத்துவரக் கூடாது. அது கல்லறை.

இந்த மாதம் என் மேசையில் இருப்பவை ஐந்தரை அங்குலப் பீரங்கிகள். ஹெர்மீஸில் ஆறு இருந்தன. எதிரிக் கப்பல் கிட்ட வந்தால் சுடுவதற்காக வைத்தவை, நேர் மேலே திரும்பாது. ஒவ்வொரு குழலும் என் அளவில் 7.3 சென்டிமீட்டர் நீளம், துளை ஒன்றரை மில்லிமீட்டர். நாலு முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டையும் தான் செய்வதாக என் அக்காவின் மகள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு 13 வயது. பித்தளையை அவள் அரத்தால் தேய்க்கட்டும், வெட்டும் வேலையை மட்டும் நான் செய்வேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.